பக்கத்து ரேடார் பார்த்த மழை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூத்தவள் எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவைக் கேட்டால், "அவரையே கேளு" என்கிறாள்.

நம் சலவைக் கடைக்கு வருகிறவர்கள் என் வேலையைப் பற்றிக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். தூரத்துப் பெரிய ரேடாரின் பார்வை உயரமாகப் போய்விடும். தாழ்வாக வரும் மழை அதில் படாது. அதனால் இங்கே ஊர் முழுக்க மாடிகளில் சின்ன ரேடார்கள் வைத்திருக்கிறோம். ஒன்று கோட்டைவிட்டதை அடுத்தது பார்த்துவிடும். அவற்றைப் பழுது பார்ப்பது நான்.

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை. ஒரு ரேடாரை நிறுத்திவிட்டு ஏணியில் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த கட்டடம் மேகத்தை மறைத்துவிட்டது. அலுவலகத்தில் திரையைப் பார்க்கும் அக்கா போனில் கத்தினார்: "இறங்குடி! பக்கத்து ரேடார்ல தெரியுது, உன் தலைக்கு மேலதான் வருது!"

"மழை வருது, துணிய எடு" என்று நீங்கள் கத்துவீர்களே, அதே குரல். என்னை அறியாமல், "இதோ வரேம்பா" என்று சொல்லிவிட்டேன். அக்கா இன்னும் கிண்டலை நிறுத்தவில்லை. காற்றில் ஏணிதான் விழுந்தது, நான் விழவில்லை. அம்மாவிடம் ஏணியைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

கொடியில் மாட்டும் நம் மரக் கிளிப் ஒரு டஜன் அனுப்புங்கள். இங்கே வாங்குவது ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். எங்கள் ரேடார் எதற்கும் நம் மாடி எட்டாது. அங்கே மழை வந்தால் துணியை எடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள். வேலை விஷயமாகத்தான் கேட்கிறேன்.

உங்கள் மகள்