சால்ஸ்பர்க் பிளாட்பாரம்

கிளேட்டன்,
மார்ச் 1977

என் செல்ல மகளுக்கு,

ஐரோப்பா சுற்றிவிட்டு நாங்கள் மூவரும் சுகமாக மெல்பர்ன் வந்து சேர்ந்தோம். உன் தம்பி வெனிஸ் படகைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான்.

நேற்று சாயங்காலம் அப்பா சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஸ்லைடுகளைக் காட்டினார். பக்கத்து வீட்டுச் சடகோபன் குடும்பமும் வந்திருந்தது. ரோமும் பிளாரன்ஸும் கோபுரமும் மண்டபமுமாக வந்தன. உன் ஊர் சால்ஸ்பர்க் மட்டும் வெறும் ரயில்வே பிளாட்பாரம், படம் படமாக.

"என்ன சார், அந்த ஊர் மலைக்கோட்டையைக் காணோமே?" என்றார் சடகோபன்.

"வண்டி கொஞ்ச நேரம்தான் நின்னுது," என்றார் அப்பா.

நம் ஊரில் வண்டி கடக்கும் ஸ்டேஷனில் உறவுக்காரர்கள் சாப்பாட்டோடு வந்து நிற்பார்களே, அந்தப் பழக்கத்தில்தான் உனக்கு வண்டி நேரத்தை எழுதினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் பெயரையே எடுக்காதவர், அன்று வண்டி நின்றதும் முதல் ஆளாகக் கேமராவோடு இறங்கினார். ஜன்னலிலிருந்து நான் தேடியும் நீ என் கண்ணில் படவில்லை; திரும்பி ஏறியவர் வியன்னா வரை கேமராவை மடியிலேயே வைத்திருந்தார்.

கடைசி ஸ்லைடில், தூணுக்குப் பின்னால், பச்சை ஓவர்கோட்டும் நீளப் பின்னலுமாக ஒரு பெண் பாதி தெரிந்தாள். கையில் தூக்குச்சட்டி. அப்பா அதை மாற்றவே இல்லை.

"பல்பு சூடாயிடும்ங்க," என்றேன். அவர் காதில் விழவில்லை.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அந்த ஸ்லைடைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று, "அடுத்த தடவை தூணுக்கு இந்தப் பக்கம் நிக்கச் சொல்லு," என்றார்.

யாரை என்று நான் கேட்கவில்லை.

அம்மா