ஆறாம் அட்டவணை

மார்ச் 14, காலை 11.20. எக்ஸ்ரே எண்ணிக்கை: பூஜ்யம். நம் செயற்கைக்கோளின் எக்ஸ்ரே எண்ணும் கருவி செத்து இன்றோடு 126 நாள்.

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கதிர்வீச்சு மிகுந்த பகுதியைக் கடக்கும்போதெல்லாம் கருவியை அணைக்க வேண்டும். அணைக்கும் நேரங்களை நீ கணக்கிட்டாய். அட்டவணையை நான் மேலே செயற்கைக்கோளுக்கு அனுப்பினேன். கருவி அணையவில்லை, எரிந்துபோனது. விசாரணையில் முந்திக்கொண்டு, "அட்டவணை அவனோடது சார்" என்றேன். "அப்ப என் கணக்குதான் தப்பு போல" என்று எழுந்து போனவன் நீ. அதன் பிறகு பேனாவையே தொடுவதில்லையாமே? உன் அம்மா சொன்னார்.

இன்று சும்மா உட்கார முடியாமல் பழைய கட்டளைப் பதிவுகளைத் துழாவினேன். நீ கடைசியாகத் திருத்தித் தந்தது ஏழாம் அட்டவணை. மேலே போயிருப்பது பழைய ஆறாவது.

அனுப்பிய அன்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "டேய் அவசரக்குடுக்கை, நம்பரைப் பார்த்துட்டு அனுப்புடா" என்றாய். "பார்த்தாச்சு, போடா" என்றேன். பார்க்கவில்லை.

ஏழாவதை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். உன் கணக்கு ஒரு நொடிகூடப் பிசகவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. பன்னிரண்டு மணிக்குள் இந்தப் பதிவை அச்செடுத்து இயக்குநர் மேஜையில் வைப்பது.
2. விசாரணையில் சொன்னது பொய் என்று அவர் எதிரிலேயே எழுதிக் கையெழுத்திடுவது.
3. சாயங்காலம் இந்தக் கடிதத்தை உன் கதவிடுக்கில் செருகிவிட்டு வாசலில் நிற்பது. நீ திறக்கும்வரை நிற்பேன். இதில் மட்டும் எனக்கு அவசரமில்லை.

உன்
அவசரக்குடுக்கை