மழை வரும்வரை போடாத கையெழுத்து

என் கேலியையெல்லாம் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்ட சவரிமுத்து மாப்ளே,

உன்னை அடக்கம் பண்ணி ஒன்பது நாளாச்சு. அன்றைக்கு நல்ல மழை. பாதிரியார் ஜெபத்தை வெரசா முடித்தார். குடைக்குள் அடங்காத என் தொப்பையை நனையாமல் காப்பாற்றுவதில் நான் குறியாக இருந்தேன். அப்போது உன் வீட்டுக்காரி லூர்து பக்கத்தில் வந்து, "அண்ணே, அவரு சோதிக்காம கையெழுத்துப் போடுற ஆளா?" என்று கேட்டது.

நான் இருமினேன். நெஞ்சுச் சளியில் செத்தவன் நீ, இருமினவன் நான்.

உன்னை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிய பெரிய சார் ரிட்டையராகி, ஏரிக்கரையில் குதிரையேற்றம் பழகுகிறார். குதிரையைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையில் பெய்கிற மழையை அளந்து கீழே பாலசமுத்திரம் ஆபீஸுக்குச் சொல்வது நம் ஆபீஸின் சோலி. இங்கே ஒரு கம்ப்யூட்டர், அங்கே ஒன்று, நடுவே டெலிபோன் கம்பி. இங்கிருந்து ஒரு துண்டுச் சேதி போகும். 'வந்துருச்சு' என்று பதில் வர நாலு விநாடி காத்திருக்கும். வராவிட்டால் திரும்ப அனுப்பும். இந்தப் பேச்சுமுறை, மிஷினையே தூக்கி நிறுத்துகிற கெர்னல் என்ற புரோகிராமுக்குள் கெடந்தது. எழுபதுகளில் எந்த ஊர்க்காரனோ எழுதி வைத்தது. நான் அதில் கை வைத்து நாலு விநாடியை ஒன்றாக்கினேன். வேகமாம்!

கீழேயிருந்து ரிப்பேருக்கு வந்த மிஷினைப் பக்கத்தில் வைத்து, முழ நீளக் கம்பியில் சோதித்தேன். பறந்தது. சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய நீ மசியவில்லை.

"மேசையில எல்லாந்தான் ஓடும் மச்சான். மழை வரட்டும். நான் கீழ போய் உக்காந்து விநாடி எண்ணிப் பாக்குறேன். அப்பறம் கையெழுத்து."

"ஏலே, வெயில் காஞ்சு கெடக்கு, மழைக்கு எங்க போறது? மெட்ராஸ்லருந்து பெரியவங்க வர்றாங்க."

"வந்துட்டுப் போகட்டும். மழை வராமயா போயிரும்?"

உன் கையெழுத்தைப் போடுவது எனக்குப் பழைய விளையாட்டு. ஒரு கிறிஸ்துமஸுக்கு உன் பேரில் டைப்பிஸ்டம்மாவுக்கு நான் கவிதை எழுதி அனுப்ப, நீ ஒரு வாரம் ஒளிந்து திரிந்தாயே, ஞாபகமிருக்கா? அதே பேனாவால் ரிஜிஸ்டரில் 'சோதித்தவர்' கட்டத்தில் உன் பேரைப் போட்டேன். வந்த பெரியவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நனைந்த கம்பியில் பதில் வர மூணு விநாடி ஆனது. நம் மிஷின் ஒரு விநாடிக்கு மேல் பொறுக்காமல் அதே சேதியைத் திரும்பத் திரும்ப அனுப்பி, அத்தனையையும் தன் வயிற்றில் அடைத்துக்கொண்டு, கெர்னலோடு படுத்துவிட்டது. மழையை அளக்கிற ஆபீஸ் மழையில் செத்த கதையைச் சொல்லி எத்தனை கல்யாண வீட்டில் சிரிக்க வைத்திருக்கிறேன்! சேதி போகாததால் கீழே வயலுக்குள் தண்ணீர் புகுந்ததை மட்டும் சொல்ல மாட்டேன். முட்டாளாக வருகிறவன் பேரை 'சவரி' என்றே சொல்வேன்.

மாற்றியது நான் என்பதும் ரிஜிஸ்டரில் இருந்தது. ஆனால் சோதித்தவன்தான் பொறுப்பு என்றார் பெரிய சார். நான் நிரந்தரம். நீ சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவன், தற்காலிகம். யாரை அனுப்புவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

"இது உன் கையெழுத்தாய்யா?"

நீ ரிஜிஸ்டரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நாலு விநாடியாவது இருக்கும். அவர் மறுபடி கேட்டார், நீ மறுபடி என்னைப் பார்த்தாய். நான் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பிடித்தான் இருக்குங்க" என்றாய்.

வெளியே வந்து என்னிடம், "நான் போடுறதவிட நல்லாருக்கு மச்சான்" என்று மட்டும் சொன்னாய். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? எனக்கு மூணு பிள்ளை என்றா? உனக்கும் ரெண்டு இருந்ததே. இல்லை, சொன்னாலும் உன்னை நம்ப மாட்டார்கள் என்றா?

நீ மேலே பூண்டிக் கிராமத்துக்குப் போய் ஈரத்தில் நின்று பூண்டு தரம் பிரித்தாய். நான் அடுத்த மழையில் பஸ் ஏறிக் கீழே போய், உன்னைப் போலவே கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, நாலு விநாடியைத் திரும்ப வைத்தேன். இன்றைக்கும் ஓடுகிறது. அதற்காக எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வெள்ளனே ஆபீஸ் போய், எல்லோரும் பார்க்க அந்தக் கட்டத்தில் உன் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதுவேன். அந்த ரிஜிஸ்டரோடு பூண்டிக்கு பஸ் ஏறி, லூர்து கேட்டதற்குப் பதில் சொல்வேன். அது செருப்பைக் கழற்றினால் வாங்கிக்கொள்வேன். அதை எந்தக் கல்யாண வீட்டிலும் கதையாக்க மாட்டேன், மாப்ளே. இது சத்தியம்.

இந்தத் தடவை சொந்தக் கையெழுத்தில்,
உன் மச்சான்
அந்தோணிசாமி