வாயிலில் கழற்றப்பட்ட கால்கள்

திரு நிலைக்க. மழை வழுவாதிருக்க.

ஏழ்குன்றங்களுக்கும் உரியவரும், மாமதிலூரின் மதிலை எழுப்பி முடித்தவரும், பகைவரும் பெயர் கேட்டுக் கைகூப்பும் பேரரசருமாகிய என் தமையனார் திருவுடைக் கோளரியார் திருமுன்பு, தென்கரை நாட்டை அவர் பெயரால் ஆளும் தங்கை எழிற்கோதை விடுக்கும் ஓலை. அண்ணியார் நலமா? பட்டத்து யானைக்குக் கண்ணோய் தீர்ந்ததா? இங்கே கடல் அமைதியாக இருக்கிறது, உப்பளங்கள் விளைகின்றன, குடிகள் தங்களை வாழ்த்துகிறார்கள் என்று எழுதுவதே முறை. முறைக்காக எழுதிவிட்டேன்.

தாங்கள் மதில் எழுப்பிய காலத்தில் கல் இழுக்கப் போய்க் கால் நசுங்கித் திரும்பியவர்கள் தென்கரையில் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களுக்காகவே தாங்கள் நிவந்தமாகப் பொருள் அருளி, பெருங்கம்மியர் சேந்தனாரின் தலைமையில் இங்கே பொறிச்சாலை அமைத்தீர்கள். வெறும் மரக்கால் செய்ய எந்தத் தச்சனும் போதும். சேந்தனார் தேடியது மடங்க வேண்டிய நேரத்தில் மடங்கி, தாங்க வேண்டிய நேரத்தில் தாங்கும் இரும்பு முழங்காலை. முதலில் செய்தது நடுவழியில் மடங்கி ஆளைக் கவிழ்த்தது. அடுத்தது மடங்கவே மறுத்தது. அணிந்தவர் பந்தியில் காலை நீட்டி உட்கார, எதிர் வரிசைக்காரர் தம் இலையை நகர்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று. பலமுறை உடைத்து உருக்கிய பின்னரே, அமரவும் எழவும் படியிறங்கவும் இடங்கொடுக்கும் ஒன்று வாய்த்தது. ஈர வயலில் மட்டும் இன்னும் வழுக்குகிறது. அதையும் சரிசெய்யவே நிவந்தத்தை நீட்டிக்க வேண்டினோம். தாங்களும், கால் அணிந்தவர்கள் அவைக்கு வந்து என் முன் நடந்து காட்டட்டும் என்று அழைத்தீர்கள்.

அவர்கள் நடந்துதான் வந்தார்கள், அண்ணா. கோட்டை வாயில் வரைக்கும் நடந்து வந்தார்கள்.

அரசவைக்குள் பாதணியுடன் யாரும் மிதிக்கலாகாது என்பது நம் பாட்டனார் வகுத்த முறை. வாயிற்காவலர் பணிவானவர்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வெகு மரியாதையாக ஒவ்வொருவர் தொடையிலும் வாரை அவிழ்த்து, கால்களைக் கழற்றி, அமைச்சர்களின் செருப்புகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஆட்களைப் பாயில் வைத்து உள்ளே தூக்கி வந்தார்கள்.

தாங்கள் பார்த்தது தரையில் கிடந்தவர்களை. நடக்கச் சொன்னீர்கள், யாரும் எழவில்லை. சேந்தனார் தலைகுனிந்து, கால்கள் வாயிலில் இருக்கின்றன அரசே என்று விண்ணப்பித்தார். அவை சிரித்ததாம். அறிவுள்ளவர்கள் நிறைந்த அவை! இத்தனை ஆண்டு நிவந்தம் உண்டும் ஒருவரேனும் எழுந்து நிற்கவில்லையா என்று தாங்கள் கேட்டதாகவும், முதலமைச்சர் அதற்குத் தலையசைத்ததாகவும், அத்துடன் அவை கலைந்ததாகவும் சேந்தனார் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

நடந்ததை விளக்கி உடனே ஓலை விடுத்தேன். தாங்கள் அனுப்பிய மறுமொழி இப்போது என் முன்னே கிடக்கிறது. தொடை வரை உயர்ந்திருந்தாலும் தரையில் படுவது பாதணியே என்றும், பாட்டனார் வகுத்த முறையைத் தளர்த்தலாகாது என்றும், நிவந்தம் புதிதாக எழும் வெற்றித் தூணுக்குத் திருப்பப்பட்டது என்றும், கால்களில் உள்ள இரும்பு அரசுக்குரியதாதலால் அவற்றைப் படைக்கலச் சாலையில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. தங்கள் கையெழுத்துத்தானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தங்களுடையதுதான். சிறுவயதில் நான் காலொடிந்து கிடந்தபோது என்னை முதுகில் சுமந்து திருவிழா காட்டிய அண்ணனுடையதேதான்.

இனி வாதாடமாட்டேன். சொன்னது எதுவும் எடுபடவில்லை. பொறிச்சாலையின் உலை அணைந்துவிட்டது. ஈர வயலுக்கென்று செய்து வைத்திருந்த பாதத்தின் அச்சைச் சேந்தனார் தம் கையாலேயே உடைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, யாராவது பார்த்து ஆசைப்பட்டுவிடக் கூடாது என்றார். கால் அணிந்தவர்களைப் பறையறைந்து வரவழைத்தேன். நடந்து வந்தார்கள். கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைகள் தோளிலும் மனைவியர் முதுகிலுமாகப் போனார்கள். ஒருவர்கூட என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கொற்றி ஒருத்தி மட்டும் கழற்றவில்லை. மதிலின் வடக்கு மூலைக்குக் கல் இழுத்தபோது காலை இழந்தவள். துணையென்று யாரும் இல்லாதவள். உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைப்பவள். அரசுடைமையை மறைக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. இரும்பு அரசருக்கு உரியது என்றால் அதை அவரிடம் சேர்ப்பதும் என் பொறுப்புத்தானே தாயே, வண்டியில் போட்டு அனுப்புவானேன், நானே நடந்துபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றாள். வழி நெடுந்தூரம் ஆயிற்றே என்றேன். நெடுந்தூரமாக இருப்பதுதான் நல்லது என்றாள். போய்வா என்பதைத் தவிர அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

ஆகவே மாமதிலூர் வாயிற்காவலர்க்கு, அரசகுலத்து மகள் என்னும் உரிமையில் யாம் இடும் ஆணையாவது: தென்கரையிலிருந்து கொற்றி என்பாள் தனியே நடந்து வருவாள். படைக்கலச் சாலை இருப்பது வெளிமுற்றத்தில்; லாடம் அடித்த மாடுகளே போய்வரும் இடம் அது. அங்கே பாதணிக்குத் தடை இல்லை. ஆதலால் அவள் காலை வாயிலில் கழற்றாதிருப்பீராக. சாலையின் வாசற்படி வரை அவளைக் கைதொட்டுத் தாங்கவும் வேண்டாம், தானே நடக்கட்டும். இதை மீறுவோர் எம் பகையைத் தேடிக்கொண்டவர் ஆவர்.

இவ்வாறு தென்கரை அரண்மனையில் எம் முன்னிலையில் எழுதி, அரக்கின்மேல் நண்டு இலச்சினை பதித்து, எம் கையாலேயே கட்டி விடுத்தோம்.

தமையனார்க்கு ஒரு விண்ணப்பம். இரும்பைப் பெற்றுக்கொண்ட பிறகு, அவள் ஊர் திரும்ப ஒரு வண்டி கொடுத்து அனுப்பி அருள்க.