கொலம்பியாவில் ஆறிப்போன காபி

கரக், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஹனீனுக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நாங்கள் சுகம், உன் தம்பி லைத் தேவைக்கு மேலேயே சுகம். நீயும் மூக்கைச் சிந்துவதை நிறுத்திவிட்டுச் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் என்னைப் பேசவிடாமல் அழுதாய், அதனால் எழுதுகிறேன், லைத் படம்பிடித்து அனுப்புவான்.

சண்டை நடக்கும் ஊர்களுக்குள் மருந்தும் உணவும் போக ஆயுதக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று படிக்கப் போனாய், சரி. ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார் என்றுதானே கூட்டிப்போனார்கள்? மலையில் வழியை மறித்திருக்கும் அந்த ஆயுதக்காரர்களின் தளபதியுடைய அம்மா தன் கையால் காபி போட்டுக் கொடுத்தால், தொடாமல் கீழே வைத்துவிட்டு, கேட்டது கிடைத்தால்தான் குடிப்பேன் என்று உட்கார்ந்தாயாமே! அடி என் கண்ணே, அது நம் அரபு ஊர் வழக்கமடி, கொலம்பியாக்காரர்களுக்கு என்ன தெரியும்? விஷம் இருக்குமென்று சந்தேகப்படுகிறாய் என நினைத்திருப்பாள், மகன் கோபித்து எழுந்து போகாமல் என்ன செய்வான்? போன வாரம் உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களும் இப்படித்தான் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். "மகளக் கேக்காம வாக்குக் குடுக்க மாட்டேன், ஆறுனா ஆறட்டும்" என்றுவிட்டார் உன் அப்பா. உன் கதையைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தார், "எம் பொண்ணுன்னு அங்க போயும் காட்டிட்டா பாரு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆனால் மேல் கிராமத்தில் பிள்ளைகள் காய்ச்சலில் கிடக்க, மருந்து வண்டி அடிவாரத்திலேயே நிற்கிறது என்றாயே, அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாய். வராதே. ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு முதலில் அந்த அம்மாவைப் போய்ப் பார், மகன் அப்புறம். நம் வழக்கத்தைச் சொல், சிரிப்பாள். கொடுப்பதைக் குடி, இன்னொரு கோப்பை கேள். நம் காபி மாதிரி ஏலக்காய் இல்லையே என்று முகத்தைச் சுளிக்காதே, உன் மூஞ்சி எனக்குத் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டாமென்று இருந்தேன். நீ மலைக்குப் போனதிலிருந்து உன் அப்பா தினமும் காலையில் காபியை ஊற்றி முன்னால் வைத்துக்கொள்கிறார், குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். "புள்ள பத்திரமா வரணும்னு அல்லாஹ்கிட்ட கேட்டிருக்கேன், அவன் சரின்னு சொல்லட்டும்" என்கிறார். நானும் ஆறியதைக் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்கிறேன்.

அல்லாஹ் உன்னையும் அந்தப் பிள்ளைகளையும் காக்கட்டும். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. மருந்து மேலே போய்ச் சேர்ந்ததும் வா, அப்பாவுக்கு நீயே சூடாக ஊற்று.

உன் அம்மா
நஜ்வா