சகலையின் மூடி நாக்கும் கட்டைவிரல் குழியும்

அனுப்புநர்
அச்சுப் பட்டறைக்காரர்,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்
மறுஆய்வு அலுவலர் அவர்கள்,
காப்புரிமை அலுவலகம்.

பொருள்: யாருக்கும் எளிதில் தோன்றக்கூடிய டப்பா வடிவத்துக்கு என் சகலை பெற்றுள்ள காப்புரிமையை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கும் மூடிகளுக்கும் அச்சு வெட்டிப் பிழைப்பவன். எதிர்மனுதாரர் என் மனைவியின் தங்கை கணவர். மருந்துக் கடை வைத்திருக்கிறார். அச்சு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

2. அவருடைய டப்பாவில் இரண்டே அம்சங்கள். மூடியின் ஓரத்தில் நாக்குப் போல நீளும் பட்டை. அதற்கு நேர் கீழே, டப்பாவின் சுவரில் ஒரு குழி. குழியில் கட்டைவிரலை வைத்து நாக்கை மேலே தள்ளினால் ஒரே கையால் திறந்துவிடலாம். நாக்கு வைத்த மூடியை நானே பல காலமாகச் செய்கிறேன். குழி வைத்த எண்ணெய் கேன் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தது தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. விரல் மூட்டு வலியால் அவதிப்படும் எங்கள் மாமியார், குடும்பத்தார் அனைவர் முன்னிலையிலும் அதைத் திறந்து காட்டி, "மாப்பிள்ளைன்னா இவருதான்" என்றார். அந்தச் சமையலறைக்கு நான் கொடுத்திருந்த டப்பாக்கள் பரணுக்குப் போய்விட்டன. ஒன்றில் மட்டும் துணி மாட்டும் கிளிப்புகள் கிடக்கின்றன. இது வழக்குக்குத் தொடர்பற்றது என்று தாங்கள் கருதினால் விட்டுவிடலாம்.

4. முந்தைய விசாரணையில், பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது, அதுவே எளிது என்பதற்குச் சான்று என்று வாதிட்டேன். விசாரித்த அலுவலர், "பாத்த பிறகு எல்லாருக்கும்தான் புரியும். அதுக்கு முன்னாடி நீங்க ஏன் செய்யல?" என்றார். என் எதிர்ப்பு தள்ளுபடியானது. வெளியே வந்ததும் சகலை என் தோளில் கைபோட்டு, "அச்சு நீங்கதான் வெட்டித் தரணும், அண்ணே" என்றார். அவர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

5. அக்கேள்விக்கு இப்போது பதில் அளிக்கிறேன். மூடி இறுக வேண்டும், கசியக் கூடாது. அச்சுக்காரனுக்கு அதுதான் கவலை. அவர் கடையிலோ முதியவர்கள் மாத்திரை டப்பாவைத் திறக்க முடியாமல் அவரிடமே நீட்டுகிறார்களாம். அப்படி நீட்டினால் எவருக்கும் தோன்றியிருக்கும். என்னிடம் யாரும் நீட்டவில்லை.

6. இதை வீட்டில் விளக்கியபோது என் மனைவி, "அவ்வளவு சுலபமானதே உங்களுக்குத் தோணலன்னா, நீங்க என்னங்க அச்சுக்காரரு?" என்று கேட்டார்.

ஆகவே, மேற்படி காப்புரிமையை ரத்து செய்து ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதற்கு வழியில்லையெனில், இவ்வடிவம் தொழில் தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது அன்று என்று அலுவலக முத்திரையிட்டு எழுத்தில் தந்தாலும் போதும். வீட்டில் காட்ட வேண்டியிருக்கிறது.

நாள்: மறுஆய்வுக் கெடுவின் கடைசி நாள்
இடம்: பட்டறை

இப்படிக்கு,
(ஒப்பம்)
அச்சுப் பட்டறைக்காரர்