காதில் இல்லாத வலி

மார்ச் 3
வலது காதுக்குள் மறுபடி குத்தல். நான் வேலை பார்க்கும் ஹோட்டல் சலவைக்கூடத்து மெஷின் சத்தம்தான் காரணமாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, சோறு ஊட்டி... காதைக் கவனிக்க நேரமேது?

மார்ச் 5
அண்ணன் போனில் வந்தான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் காதைப் பற்றி மட்டும் பிரசங்கம். "காது வலின்னா கிட்னி வீக்குன்னு அர்த்தம். வீடியோல சொல்றாங்க." பின்னாலிருந்து அண்ணி, "காது மடல்ல கோடு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. இருந்தா ஹார்ட்டு!"
கண்ணாடியில் பார்த்தேன். கோடு இருக்கிறது.

மார்ச் 6
எனக்கு ஏதாவது ஆனால் அப்பாவை யார் பார்ப்பது? அண்ணனா? சிரிப்பு வருகிறது. சிரிப்பா இது? வயிற்றெரிச்சல்.

மார்ச் 9
காது டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "காதுல ஒண்ணுமில்ல." கோட்டைக் காட்டினேன். "வயசானா பல பேருக்கு விழும். அதை மட்டும் வச்சு ஹார்ட்டைப் பத்திச் சொல்லிட முடியாது. காது வலிய வச்சு கிட்னியவும் சொல்ல முடியாது. பயமா இருந்தா பிரஷர் பாக்கலாம், ரத்தம் டெஸ்ட் பண்ணலாம். திடீர்னு ஒரு காது கேக்காமப் போனா மட்டும் அன்னைக்கே ஓடி வாங்க."
பிரஷர் சரியாகவே இருந்தது. பிறகு காதுக்கு முன்னால் விரலை அழுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். உயிர் போய் வந்தது.
"தாடை மூட்டு வலி இது. காதுல தெரியுது, அவ்வளவுதான். பல்லக் கடிப்பீங்களா?"
"தெரியல."
"எதுக்குக் கடிக்கிறீங்கன்னு காதப் பாத்துச் சொல்ல முடியாதும்மா. நீங்கதான் சொல்லணும்."
மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மார்ச் 10
அப்பா படுக்கையில் விழுந்த இந்த மூன்று வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்!
அண்ணனைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "கிட்னிதானே?" என்றான்.
"இல்ல. நீதான்."
"என்னடி உளறுற?"
"ஞாயித்துக்கிழமை வா. ரெண்டு மாசம் அப்பா உன் வீட்ல."
"வீடு சின்னதுடி. அண்ணிக்கு வேற முதுகுவலி..."
"வீடியோ பாத்துச் சரிபண்ணிக்கச் சொல்லு."
வைத்துவிட்டேன்.

மார்ச் 12
அண்ணி இனி என்னோடு பேசமாட்டாளாம். நல்லது.

மார்ச் 15
வந்தான். அப்பாவை எப்படித் தூக்குவதென்று தெரியாமல் கட்டிலருகே மரம் மாதிரி நின்றான். சொல்லித்தந்தேன், கோபத்தோடுதான். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்கு அடியில். "மெதுவாடா," என்றார் அப்பா. அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை.
அப்பாவை ஏற்றிக்கொண்டு கார் போனதும் விரிப்பை உருவி ஊறவைத்தேன். காது இன்னும் வலிக்கிறது. பொழுது அப்படியே கிடக்கிறது. எதில் தொடங்குவதென்று தெரியாமல் வெறும் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.